கணினி சொன்னால் மறுபேச்சு இல்லையா? நிரூபிக்கும் பொறுப்பு கைமாறும் விதம்

கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது" என்று பதில் வருகிறது. உதவித்தொகை திடீரென்று நின்றுபோகிறது. யாரிடம் முறையிடுவது என்று விசாரித்தால் ஒரு சாட்பாட் வணக்கம் சொல்கிறது. இவற்றையெல்லாம் செயற்கை நுண்ணறிவின் விளைவு என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு சரக்குகள்.

புதிய தொழில்நுட்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிவருகிறது: வேலை போய்விடுமா, இயந்திரம் மனிதனை மிஞ்சிவிடுமா? இரண்டும் எதிர்காலம் பற்றியவை. அதற்கு முன்பே, ஆரவாரமின்றி நடந்துவிட்ட மாற்றம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்கும் தனிமனிதருக்கும் தகராறு வரும்போது எதை யார் நிரூபிக்க வேண்டும் என்ற வழக்கம் தலைகீழாகி வருகிறது. இந்தக் கட்டுரை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் நான்கு சொற்கள்

1. விதிவழி மென்பொருள்: "வருமானம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் உதவித்தொகையைக் குறை" என்பது போன்ற கட்டளைகளை மனிதர்கள் எழுதிவைக்க, கணினி அப்படியே நிறைவேற்றுவது. இதில் நுண்ணறிவு எதுவும் இல்லை. பெரும் பாதிப்பை உண்டாக்கிய அமைப்புகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

2. கற்கும் மாதிரி: பழைய தரவுகளைக் கொடுத்து, அவற்றில் உள்ள ஒழுங்குகளைக் கணினியே கண்டுபிடிக்க விடுவது. முன்பு யாருடைய கடன் திரும்பவில்லை, யாருடைய விண்ணப்பத்தில் மோசடி இருந்தது என்ற பதிவுகளை வைத்துப் புதிய ஆளை எடைபோடும்.

3. இடர் மதிப்பெண்: அந்த எடையின் விடை. 0 முதல் 1 வரையோ 100 வரையோ ஓர் எண். இது ஒரு கணிப்பு மட்டுமே. அந்த ஆள் தவறு செய்தார் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

4. வெட்டு வரம்பு: எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் நடவடிக்கை என்பதற்கான கோடு. இந்தக் கோட்டைப் போடுவது கணினி இல்லை, நிர்வாகம். "அல்காரிதம் தீர்மானித்தது" என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் தீர்மானித்தது, இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கூடிப் பேசிய ஒரு கூட்டம்தான்.

பழைய முறையின் ஓர் அம்சம்

காகிதக் கோப்புகளின் காலம் பொற்காலமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாரபட்சம், சோம்பல், கைநீட்டல் எல்லாம் அங்கேயும் இருந்தன. இருந்தாலும் அந்த முறையில் ஒரு கட்டாயம் இருந்தது. ஒருவருக்கு எதிராக உத்தரவு போட ஓர் அதிகாரி காரணம் எழுத வேண்டும், கையெழுத்திட வேண்டும். மேல்முறையீடு வந்தால் அந்தக் கோப்பே பேசும். குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்ற சட்டக் கோட்பாட்டுக்கு அலுவலக நடைமுறையில் கிடைத்த வடிவம் அது.

அதோடு, தவறு செய்வதற்கும் அப்போது உழைப்பு தேவைப்பட்டது. ஓர் அதிகாரி ஒரு நாளில் எழுதக்கூடிய தவறான உத்தரவுகளுக்கு ஓர் எல்லை இருந்தது. கணினி அந்த எல்லையை எடுத்துவிட்டது.

ஒரு சராசரிக் கணக்கு செய்த வேலை

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் "ரோபோடெட்" விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே நலத்திட்ட உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வார வருமானத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு முழுவதற்குமான மொத்த வருமானம். 2016இல் முழுவீச்சில் இறங்கிய தானியங்கி முறை, அந்த ஆண்டுத் தொகையை 26ஆல் வகுத்து, "ஒவ்வொரு இரு வாரத்திலும் நீங்கள் இவ்வளவு சம்பாதித்திருக்கிறீர்கள்" என்று எடுத்துக்கொண்டது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். அதாவது 13 இரு வாரங்களுக்குத் தலா 2,000. பிறகு வேலை போய்விடுகிறது. மீதி 13 இரு வாரங்களில் வருமானம் சுழியம். அந்தக் காலத்துக்கு உதவித்தொகை பெறுகிறார். எதையும் மறைக்கவில்லை. இப்போது கணினி 26,000ஐ 26ஆல் வகுக்கிறது. வேலையே இல்லாத ஒவ்வொரு இரு வாரத்திலும் அவர் 1,000 சம்பாதித்ததாக விடை வருகிறது. அப்படியென்றால் உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கிவிட்டார். திருப்பிக் கட்ட வேண்டும். வகுத்தலில் பிழையே இல்லை. அந்த விடைக்கும் அவருடைய வாழ்க்கைக்கும்தான் சம்பந்தமில்லை.

முன்பும் இப்படி முரண்பட்ட பதிவுகள் வந்ததுண்டு. அப்போது ஊழியர்கள் வேலை கொடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அந்தப் படி நீக்கப்பட்டது. "கடன் இல்லை என்றால் நீங்களே பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று கடிதம் போனது. சில சமயம் பல ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டுகள். மூடப்பட்ட கடையிடமும் கலைந்துபோன நிறுவனத்திடமும் சம்பளச் சீட்டு கேட்டு அலைய வேண்டியது வேலையிழந்தவரின் கடமையாயிற்று. ஆண்டுக்குச் சுமார் 20,000 விசாரணைகள் என்றிருந்த வேகம் வாரத்துக்கு 20,000 வரை ஏறியது.

2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், இப்படிச் சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிட்ட கடனுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. பிறகு லட்சக்கணக்கான கடன்கள் ரத்தாகின. வசூலித்த கோடிக்கணக்கான டாலர் திருப்பித் தரப்பட்டது. 2023 ஜூலையில் அறிக்கை அளித்த அரச விசாரணைக் குழு, இந்தத் திட்டம் நியாயமானதும் இல்லை, சட்டபூர்வமானதும் இல்லை என்று எழுதியது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது பள்ளிப் பிள்ளைகள் போடும் வகுத்தல் கணக்கு.

துல்லியம் 90 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்?

விதிவழி மென்பொருளை விட்டுக் கற்கும் மாதிரிக்கு வந்தால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. விற்பனையாளர்கள் துல்லியத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். அந்த எண் உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதில்லை.

மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு. 10 லட்சம் விண்ணப்பதாரர்கள். அவர்களில் 1 சதவீதம் பேர், அதாவது 10,000 பேர், மோசடி செய்பவர்கள். மாதிரி நன்றாகவே வேலை செய்கிறது: மோசடிக்காரர்களில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது, நேர்மையானவர்களில் 5 சதவீதம் பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. பிடிபட்ட மோசடிக்காரர்கள் 9,000 பேர். நேர்மையான 9,90,000 பேரில் 5 சதவீதம் என்றால் 49,500 பேர். ஆக, சந்தேகப் பட்டியலில் இருக்கும் 58,500 பேரில் உண்மையான குற்றவாளிகள் 15 சதவீதம்தான். ஏறக்குறைய ஏழு பேரில் ஆறு பேர் நிரபராதிகள்.

குற்றம் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எந்தச் சல்லடையை வைத்தாலும் கிடைப்பது இதுதான். எனவே பட்டியல் தயாரிப்பது விசாரணையின் தொடக்கமாக இருக்கலாம். அதையே தண்டனையின் தொடக்கமாக ஆக்கினால் விபரீதம். நெதர்லாந்தில் நடந்தது அதற்கு நெருக்கமானது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற குடும்பங்களை வரித்துறையின் கற்கும் மாதிரி தரம்பிரித்தது. விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் அதற்கு ஓர் அளவுகோலாக இருந்தது. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டது போன்ற சிறு பிழைக்கும் ஆண்டு முழுவதற்கான தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் அளவுக்கு விதிகள் கடுமையாக இருந்தன. ஆயிரக்கணக்கான பெற்றோர் கடனில் மூழ்கினார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வந்தது. அடுத்த மாதமே பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதிரியைக் குறை சொல்லிவிட்டு விதிகளைத் தப்பவிடுவது சுலபம். கொடூரமான விதியும் சந்தேகப்படும் இயந்திரமும் சேர்ந்துதான் இந்தக் கேட்டை விளைவித்தன. தனித்தனியாக எதுவும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நீதிமன்றமே கணினியை நம்பினால்

நிர்வாகம் தவறினால் நீதிமன்றம் இருக்கிறது என்பது நம் பொதுவான ஆறுதல். பிரிட்டனின் அஞ்சலக வழக்குகள் அந்த ஆறுதலையும் அசைத்துவிட்டன.

1999 முதல் அங்குள்ள அஞ்சலகக் கிளைகளில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் "ஹொரைசன்" கணக்கு மென்பொருள் நுழைந்தது. திரையில் காட்டிய தொகைக்கும் கல்லாவில் இருந்த பணத்துக்கும் பல கிளைகளில் பொருந்தவில்லை. பற்றாக்குறைக்குக் கிளை நடத்துபவரே பொறுப்பு என்பது ஒப்பந்தம். சொந்தச் சேமிப்பிலிருந்து ஈடுகட்டியவர்கள் உண்டு, திவாலானவர்கள் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். உதவி கேட்டவர்களில் பலருக்கு, "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை" என்று பதில் கிடைத்தது.

இதற்குச் சட்டத்தில் ஒரு பின்னணி உண்டு. 1984இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி, கணினிப் பதிவை ஆதாரமாகக் கொண்டுவருபவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். நடைமுறைக்குத் தொல்லை என்று அந்தப் பிரிவு பிறகு நீக்கப்பட்டது. எதிரான ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாக இயங்கியதாகவே கொள்ளலாம் என்ற அனுமானம் அந்த இடத்துக்கு வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மென்பொருளில் பிழை இருந்ததற்கான ஆதாரம் யார் கையில் இருக்கும் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். பிழைப் பதிவேடுகள் நிறுவனத்திடம் இருந்தன. கிளைக் கணக்குகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து மாற்ற முடியும் என்ற உண்மை பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்ததெல்லாம் "நான் எடுக்கவில்லை" என்ற வாக்குமூலம் மட்டுமே.

2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் 39 தண்டனைகள் ஒரே நாளில் ரத்தாயின. 2024 மே மாதத்தில், நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

"இறுதி முடிவு மனிதருடையது" என்ற உறுதிமொழி

இத்தகைய அமைப்புகளை ஆதரிப்பவர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம் இது. கணினி பரிந்துரைக்கும், ஓர் அதிகாரி பார்த்து முடிவெடுப்பார். இந்த உறுதிமொழிக்கு மதிப்பு உண்டா என்பது இரண்டு விவரங்களைப் பொறுத்தது: அதிகாரிக்கு என்ன காட்டப்படுகிறது, மறுப்பதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது.

நெதர்லாந்திலும் அதிக மதிப்பெண் பெற்ற விண்ணப்பங்கள் ஓர் ஊழியரின் மேசைக்குத்தான் போயின. ஏன் அந்த மதிப்பெண் என்ற காரணம் மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. "ஆபத்தானது" என்று முத்திரை குத்திய கோப்பைத் திறப்பவர், ஆபத்தைத் தேடித்தான் திறப்பார். இயந்திரம் சொன்னதைச் சரியென்று கொள்ளும் இந்தச் சாய்வை ஆய்வாளர்கள் தானியங்கிச் சார்பு என்கிறார்கள். பரிந்துரையை ஏற்றால் கேள்வி கேட்க ஆளில்லை. மறுத்தால் நீளமாக விளக்கம் எழுத வேண்டும் என்ற அலுவலகத்தில், எந்த ஊழியரும் எதைச் செய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பிய நீதிமன்றம் இந்தச் சமாதானத்தில் உள்ள ஓட்டையை 2023 டிசம்பரில் தொட்டது. ஜெர்மனியில் தனிநபர்களின் கடன் தகுதிக்கு மதிப்பெண் வழங்கும் ஷூஃபா நிறுவனம், "நாங்கள் எண்ணைத்தான் தருகிறோம், முடிவெடுப்பது வங்கி" என்று வாதிட்டது. வங்கி அந்த எண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறது என்றால், எண்ணை உருவாக்குவதே ஒரு தானியங்கி முடிவுதான் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தத் துறையில் வந்த தீர்ப்புகளில் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பொறுப்பு இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்துவிடாமல் அது தடுக்கிறது.

நம் கையில் உள்ள ஆதாரத்துக்கு என்ன ஆகிறது?

இதுவரை பார்த்தது ஒரு பக்கம்: தனிமனிதர் நிரூபிக்க வேண்டியது கூடுகிறது. மறுபக்கம், நிரூபிக்க அவரிடம் உள்ள பொருள்களின் மதிப்பு குறைந்துவருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு.

புகைப்படம், ஒலிப்பதிவு, வீடியோ, ஸ்கேன் செய்த ரசீது ஆகியவைதான் எளிய மனிதரின் ஆதாரங்கள். இவற்றையெல்லாம் இப்போது சொற்ப செலவில் போலியாக உருவாக்க முடிகிறது. 2024இன் தொடக்கத்தில், ஒரு பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் வீடியோ கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டார். தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் திரையில் இருந்தார்கள், பேசினார்கள். எல்லாமே போலி. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது.

பணம் போனதைவிடப் பெரிய விளைவு இதன் நிழலில் இருக்கிறது. போலி எளிதானால், மெய்யையும் போலி என்று சொல்லிவிடலாம். கையும் களவுமாகப் பதிவான ஒருவர், "அது செயற்கை நுண்ணறிவு தயாரித்தது" என்று கை கழுவ முடியும். போலிகள் பெருகுவதால் உண்மையான பொய்யருக்குக் கிடைக்கும் இந்த லாபத்தைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் சில ஆண்டுகளாகவே எச்சரித்துவருகிறார்கள்.

இதற்கு முன்வைக்கப்படும் தொழில்நுட்பத் தீர்வு, பிறப்பிடச் சான்று. கேமரா படம் எடுக்கும் கணத்திலேயே எண்முறைக் கையொப்பம் ஒன்றைச் சேர்த்துவிடும். பிறகு யார் எதைத் திருத்தினாலும் அந்த வரலாறு கோப்புடனேயே பயணிக்கும். அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் 2021இல் இதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. நல்ல முயற்சி. ஆனால் அதன் விளைவுகளையும் யோசிக்க வேண்டும்:

1. கையொப்பம் உள்ள படமே நம்பகமானது என்ற வழக்கம் வந்துவிட்டால், பழைய கைபேசியில் எடுத்த உண்மையான படம் இரண்டாந்தர ஆதாரமாகிவிடும்.

2. கையொப்பம், படம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். படத்தில் இருப்பது உண்மையா என்று சொல்லாது. நாடகம் போட்டு எடுத்த படத்துக்கும் கையொப்பம் கிடைக்கும்.

3. சான்று வழங்கும் அதிகாரம் சாதன உற்பத்தியாளர்களிடமும் பெரிய தளங்களிடமும் குவியும். கணக்கு முடக்கப்பட்டவர் சாட்சி சொல்லும் தகுதியில் ஒரு பகுதியையும் இழப்பார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் முன்னே நிற்கிறது. 2018 மே முதல் அமலில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆவது பிரிவு, முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் முக்கிய முடிவுகளுக்கு உட்படாதிருக்கும் உரிமையைச் சில விலக்குகளோடு தருகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கடன் தகுதி, வேலைக்கு ஆளெடுப்பு, கல்வி, அரசு உதவிகள் போன்றவற்றில் பயன்படும் அமைப்புகளை உயர் இடர் வகையில் சேர்க்கிறது. தானியங்கிச் சார்பைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. அதன் கடமைகள் ஒரே நாளில் வருவதில்லை. கட்டம் கட்டமாகவே வருகின்றன.

கனடாவில் ஒரு சிறு வழக்கு, தொகை சின்னது என்றாலும், விஷயத்தைத் தெளிவாக்கியது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற போக்கில் விமான நிறுவனம் வாதம் வைத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, செலவு உட்பட சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. இப்படியும் ஒரு வாதத்தை வைக்கத் துணிந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வேறு சொற்களில் அது திரும்பவும் வரும்.

புதிய முறை ஒன்று அறிவிக்கப்படும்போது கேட்க வேண்டியவை

"செயற்கை நுண்ணறிவால் இனி விரைவான சேவை" என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எந்த மென்பொருள், எவ்வளவு துல்லியம் என்பவை முதல் கேள்விகளாக இருக்கத் தேவையில்லை.

1. மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்குமா? "மதிப்பெண் குறைவு" என்பது காரணம் ஆகாது. எந்தத் தகவல், எந்த விதியால், எந்த முடிவுக்கு இட்டுச்சென்றது என்று இருந்தால்தான் மறுத்துப் பேச முடியும்.

2. அடிப்படைத் தரவு தவறென்றால் அதைத் திருத்தும் அதிகாரம் உள்ள மனிதர் யார்? புகாரைப் பதிவுசெய்பவரும் முடிவை மாற்றக்கூடியவரும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள்.

3. பிழைப் பதிவேடு யாரிடம் இருக்கும், தகராறு வந்தால் அதை எதிர்த்தரப்பு பார்க்க முடியுமா?

4. தகராறு தீரும்வரை பணம் யாரிடம் இருக்கும்? அற்பமாகத் தோன்றினாலும் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு விசாரிக்கலாம் என்றால், விசாரணை தாமதமாவதால் நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒரு நோட்டீஸ் அனுப்ப ஆகும் செலவு கிட்டத்தட்ட சுழியம்; அதை எதிர்ப்பவருக்கோ நாள்கணக்கில் வேலை. மறுப்பு பதிவானவுடன் பிடித்தம் தானாக நிற்கும் என்று விதி வைத்தால், தவறான ஒவ்வொரு நோட்டீஸும் அனுப்பியவருக்கே வேலை வைக்கும். அப்போது வெட்டு வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம் மறுபடி கூடிப் பேசும்.